அப்பச்சியின் துப்பாக்கியில் முதல் குண்டு

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்று சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் சேலையையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மெய்யாவா டீச்சர்?" என்பார்கள். மெய்தான். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் சங்கத்துக்குப் போய்க் காகிதத்தில் ஓட்டை போட்டேன். இரண்டில் எது என் மூளையைத் தெளிவாக வைத்திருந்தது என்று கேட்டால், பதில் சொல்ல யோசிக்கவே மாட்டேன்.

இவ்வளவு காலம் சுட்டும் சொந்தமாக எனக்கென்று ஒரு துப்பாக்கி இருந்ததில்லை. எல்லாம் சங்கத்துத் துப்பாக்கிகள். ஊரெல்லாம் கைவைத்துப் பிடி வழவழத்துப் போனவை. ஒன்றில் விசை இறுகும், இன்னொன்றில் தொளதொளவென்று ஆடும். அவற்றை எடுக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்த ரிவால்வர் ஞாபகத்துக்கு வரும். ஒரு குண்டுகூடப் பார்க்காத ரிவால்வர். எங்கள் அப்பச்சியுடையது.

எங்கள் பூர்வீகம் செட்டிநாடு. அப்பாவை அப்பச்சி என்றும் அக்காளை ஆச்சி என்றும் கூப்பிடுகிற வழக்கம் கடல் தாண்டி மலேசியாவுக்கு வந்தும் எங்கள் வீட்டில் போகவில்லை. அப்பச்சிக்குப் பத்து பாகாட் ஊரில் ஜவுளிக்கடை, சிகாமட்டில் ஒரு கிளை. கிளையின் வசூலைக் காரில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்புகிறவர் என்பதால் அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆசை ஆசையாகப் புதிதாக வாங்கினார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்ட முதல் பயணத்திலேயே, பணத்துக்குப் பயப்படுவதா துப்பாக்கிக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் வியர்த்துக்கொட்டி, வழியில் ஆயர் ஈத்தாமில் காரை நிறுத்தி டீ குடித்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தாராம். அதோடு சரி. துப்பாக்கி எண்ணெய்த் தாளில் சுற்றி, வந்த பெட்டியிலேயே வைக்கப்பட்டது. வசூலுக்குப் போகையில் வாட்டசாட்டமான ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பல வருடம் கழித்து, துப்பாக்கிகளைச் சேகரிக்கிற ஒருவர் கடைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார்: இந்த வகை இப்போது செய்வதில்லை, சுடாததாக, பெட்டியோடு இருப்பது அபூர்வம், ஒரு குண்டு போட்டுவிட்டால் அப்புறம் அது வெறும் பழைய துப்பாக்கி. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. அப்பச்சியின் பயத்துக்குக் கௌரவமான ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, அது வெளியே வரும். கடையில்தான் பூஜை. கத்தரிக்கோல், அளவுகோல், தையல் மெஷின், கல்லாப்பெட்டிச் சாவி, இவற்றோடு சிவப்புத் துணி விரித்து அதன்மேல் ரிவால்வர். இரும்பில் சந்தனம் வைக்கக்கூடாது, பூச்சு போய்விடும் என்று நான் சண்டை பிடித்து, மரப்பிடியில் மட்டும் ஒரு பொட்டு வைக்கச் சொல்வேன். மறுநாள் விஜயதசமியன்று, பூஜையில் வைத்ததை எல்லாம் எடுத்து ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டும். கத்தரிக்கோல் ஒரு முழம் துணி வெட்டும். தையல் மெஷின் ஒரு வரி தைக்கும். கார் ஒரு சுற்றுப் போய் வரும். இது மட்டும் பொட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பெட்டிக்குள் போகும்.

"இதுக்கு மட்டும் என்ன அப்பச்சி, எம்.சி.யா?" என்று ஒருமுறை கேட்டேன். வேலைக்குப் போகாமல் இருக்க டாக்டரிடம் வாங்குகிற சீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம். கடையே சிரித்தது. என் தம்பிதான் அதிகமாகச் சிரித்தான்.

தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவன் கடையைப் பார்த்துக்கொண்டான். நல்லவன், வாயாடி, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். பூஜைக்கு முதல்நாள் விளக்குத் தேய்க்கிற வேலை சின்ன வயதிலிருந்து அவனுடையது. புளியும் திருநீறும் போட்டுத் தேய்ப்பான். பித்தளை தங்கம் மாதிரி ஆகிவிடும். அந்த வேலையை வேறு யாரையும் தொட விடமாட்டான்.

அப்பச்சி படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில் ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கடை, வீடு எல்லாம் முன்பே பேசி முடிந்துவிட்டது. துப்பாக்கியைப் பற்றித்தான் பேசினார். "லைசென்சு கடைக்காகக் குடுத்தது, தம்பி பேருக்கு மாத்திக்குங்க. சுடுறதா வெச்சிருக்கிறதான்னு ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க. ஆனா சுடுறதுன்னா மொதல்ல ஆச்சிதான் சுடணும். அவளுக்குத்தான் சுடத் தெரியும்." தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி அப்பச்சி" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஒரு பெண்பிள்ளைக்கு அப்பன் விட்டுப்போகிற சொத்து எத்தனையோ விதம். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு குண்டு. அதை இளப்பமாக நினைத்தவளில்லை நான். ஒரு துப்பாக்கிக்கு முதல் குண்டு ஒரே தடவைதான் வரும். சுடுகிற யாரைக் கேட்டாலும் இது புரியும்.

அப்பச்சி போனபின் திதி முடியும்வரை எங்களுக்குப் பண்டிகை கிடையாது. அந்த வருடம் ஆயுத பூஜையும் இல்லை. நான் கூடுதலாக ஒரு விரதம் வைத்துக்கொண்டேன்: திதி முடிகிறவரை சுடும் சங்கத்துப் பக்கம் போவதில்லை, துப்பாக்கியைத் தொடுவதில்லை. யாரும் சொல்லவில்லை, நானாக வைத்துக்கொண்டதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கை சும்மா இருக்க முடியாமல் அலமாரியை அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வருடம் திரும்பி மறுபடி பூஜை வந்தபோது நான் பேச்சை எடுத்தேன். "இந்த வருஷம் சுட்டுப் பாத்துடலாமா?"

தம்பி உடனே தலையை ஆட்டினான். "வேணாம் ஆச்சி. அப்பச்சி எப்படி வெச்சிருந்தாரோ அப்படியே இருக்கட்டும். ஒரு தடவ சுட்டா போச்சு லா. திரும்ப வராது."

திரும்ப வராது. அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் அதில் ஒரு மனசு இருந்தது. யாரும் தொடாத ஒன்றைத் தொடாமலே வைத்திருப்பதிலும் ஒரு பெருமை உண்டு. அதுவும் தொடுகிற உரிமை நம் கையில் இருக்கும்போது. சரி என்றேன். அடுத்த வருடமும் கேட்டேன், அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் வடை பாயசம் எல்லாம் முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் இந்த வழக்கு நடக்கும். ஒவ்வொரு தடவையும் அவன் ஜெயிப்பான். ஒரு வருடம் கண் கலங்கக்கூடச் செய்தான். "அப்பச்சி வெச்ச பொருள் ஆச்சி. உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து, ஆசைப்பட்டதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

துப்பாக்கியை அவன்தான் கொண்டுவந்து வைப்பான், அவன்தான் எடுத்துப் போவான். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையாள வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டான். சட்டம் தெரிந்தவள் நான், அதை எப்படி மறுப்பேன்? பூவும் பொட்டுமாகச் சிவப்புத் துணியில் கிடப்பதைப் பார்த்துக் கும்பிடுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது தம்பி கடையை மூடிவிட்டான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அங்கேயே போய்விடப் போகிறான். துப்பாக்கியை அங்கே கொண்டுபோக முடியாது. "நீங்களே வெச்சுக்குங்க ஆச்சி" என்றான். மனுப்போட்டு, விசாரணைக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, பெட்டகத்தைக் காட்டி, கடைசியில் பாலாயிலிருந்து, போலீஸ் நிலையத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், கூப்பிட்டார்கள். என் பெயருக்கு மாற்றிக் கையில் கொடுத்தபோது, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஜன்னலோரம் சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, எண்ணெய்த் தாளைப் பிரித்தேன். நல்ல வெயில். மயில் கழுத்துக் கருநீலம், ஒரு கீறல் இல்லை. குண்டு போடுகிற ஆறு ஓட்டை உருளையை, சிலிண்டர் என்போம், வெளியே தள்ளித் திறந்தேன். அப்பச்சி இருந்தபோது அவர் இப்படித் திறந்து காட்டி நான் பார்த்ததுதான். அப்போது அதன் முன்முகமும் உடம்பைப் போலவே கருநீலமாக இருந்தது.

இப்போது அது வெள்ளையாக இருந்தது. பளபளவென்று, வெறும் இரும்பாக.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிவால்வரைச் சுட்டால் சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் கரி வளையமாகப் படியும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் லேசில் போகாது. சுட்டதைக் காட்டிக்கொடுப்பது அந்த வளையம்தான். அதை எடுக்கப் பதறிப்போன ஒருவன் என்ன செய்வான்? தெரிந்தவன் வேறு எதையாவது செய்திருப்பான், இல்லை அப்படியே விட்டிருப்பான். இது தெரிந்தவன் வேலையில்லை. கரியும் போய், அடியிலிருந்த பூச்சும் போய், ஓட்டைகளின் இடுக்கில்கூட ஒரு பொட்டு அழுக்கில்லாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்த தேய்ப்பு. பூஜை விளக்கின் தட்டில் நான் ஆயுசு முழுக்கப் பார்த்த தேய்ப்பு.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம்கூட முதலில் வரவில்லை. சிலிண்டரை மூடி, துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டி. அவன் நடுவில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். "வாங்க ஆச்சி, சாப்டீங்களா?" என்றான்.

"புளி போட்டுத் தேய்ச்சியா?" என்றேன்.

"எத ஆச்சி?"

"நான் விளக்கப் பத்திக் கேக்கல."

டேப்பைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னா?" என்று கேட்டான்.

யாரும் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்படிக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது, சொல்வதற்கு ஆள் இருக்கிறது என்று. "நீயே சொல்லு" என்றேன்.

"அலமாக், ஐயோ... ஒரே ஒரு நாள்தான் ஆச்சி. அப்பச்சி தவறின வருஷம். லைசென்சு கைக்கு வந்திடுச்சு. கடைல உக்கார முடியல, வீட்ல இருக்க முடியல. அப்பச்சி சாமானத் தொட்டா கொஞ்சம் நல்லாருக்கும்னு தோணுச்சு. கிளப்புக்கு எடுத்துட்டுப் போனேன்."

"எந்தக் கிளப்புக்கு?"

"உங்க கிளப்புக்குத்தான். எனக்கு வேற எது தெரியும்? டீச்சரோட தம்பின்னு சொன்னதும் உள்ள விட்டாங்க."

நான் விரதம் இருந்த வருடம். நான் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று. என் பெயரைச் சொல்லி, என் சங்கத்தில், என் குண்டை.

"அங்க ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலியே."

"நாந்தான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன். திதி முடிஞ்சு ஆச்சி வந்ததும் நானே சொல்லிக்கிறேன்னு சொன்னேன். சொல்லணும்னுதான் இருந்தேன் ஆச்சி. அப்புறம் வாய் வரல."

"வாய் வரலியா? வருஷா வருஷம் 'சுட வேணாம் ஆச்சி'ன்னு சொல்ல மட்டும் எங்கேருந்து வந்துச்சு? கண்ணுல தண்ணி வேற."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சுடலாம்னு சொல்லியிருந்தா நீங்க சிலிண்டரத் தொறந்திருப்பீங்கல்ல" என்றான்.

அவன் காத்தது அப்பச்சியின் பொருளை இல்லை. தன் பொய்யை. அதற்குக் காவலாக என்னையே உட்கார வைத்திருந்தான். நானும் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் நான் விட்டுக்கொடுத்தேன், விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது எதை? என் கையில் இல்லாத ஒன்றை.

போகிற நேரத்தில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் சுடுகிறவளுக்கு அது அடங்காது. "எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் பெரிசா இல்ல ஆச்சி. விசை ரொம்பக் கெட்டி. குறியும் சரியாப் போகல. நீங்க ஒண்ணும் எழந்துடல." பிறகு என் பின்னாலேயே வாசல்வரை வந்து, "வெளில யாருக்கும் தெரியாது. சுடாததுன்னே வெச்சுக்குங்க. யாரு கேக்கப் போறா?" என்றான்.

அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. சுடுவதா, வைத்திருப்பதா? இனி அது சேகரிப்புப் பொருள் இல்லை, அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இருந்தும் கை போகவில்லை. சுட்டால் அவன் மிச்சம் வைத்ததை எடுத்துத் தின்கிற மாதிரி இருக்கும். சுடாமல் வைத்தால், அவன் சொன்னபடி, அவன் பொய்யை நான் என் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியதாகும். பூவும் பொட்டும் வைத்துக் கும்பிட வேறு செய்வேன். அதை நினைத்தபோதுதான் கோபம் ஒழுங்காக வந்தது. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் புறப்பட்டேன்.

சுடுதளத்தைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்காரர் பெட்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். கண்ணைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ வருடம் என்னோடு உட்கார்ந்து தேத்தாரே டீ குடித்த மனிதர். அவரும்தான் மறைத்திருக்கிறார்.

ஆறு குண்டையும் போட்டேன். மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினேன்.

விசை கெட்டி இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. சத்தம் கணீரென்று, கை அதிர்ந்தும் அதிராத மாதிரி. முதல் குண்டு காகிதத்தின் நடுவில். இரண்டாவது அதன் ஓரத்தில். பிறகு நான் குறி பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அதுவே பார்த்துக்கொண்டது. ஆறும் முடிந்து காகிதத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு வெற்றிலை நுனி அளவுக்குத்தான் கிழிந்திருந்தது. என் ஆயுசில் இப்படி ஒரு துப்பாக்கியை நான் பிடித்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே எனக்குத் தெரிந்துபோனது: இது அவனுக்கும் தெரியும். சுடத் தெரியாதவன் கையில் கொடுத்தாலும் இது தப்பாகப் போயிருக்காது. மாட்டிக்கொண்ட பிறகு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு, அதற்கு மேலும் ஒரு பொய் சொல்லியிருக்கிறான். வெறும் தோலை என்னிடம் கொடுத்துவிட்டு, பழம் புளித்தது என்று சொல்லியிருக்கிறான்.

கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, சிலிண்டரைத் திறந்து, சூடான காலித் தோட்டா உறைகளைக் கொட்டினேன். முன்முகத்தில் புதிதாகக் கரி வளையம் விழுந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து எடுத்தேன். சங்கத்திலிருந்து யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கென்றால் உடனே சொல்கிறார்கள்.

"சுட்டீங்களாமே ஆச்சி" என்றான். "எப்படி இருந்துச்சு?"

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது உண்மைதான். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

சின்ன வயதில் விளக்கைத் தேய்த்து முடித்துத் தூக்கிக் காட்டுவானே, அந்தக் குரலில், தன்னை மறந்து, "ஆமால்ல ஆச்சி?" என்றான்.

அந்த ஒரு வார்த்தையோடு அவன் முதன்முதலில் சுட்ட அன்றைக்கே என் வீட்டுக்கு வந்திருந்தால், வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, எப்படிப் பிடித்தாய், எங்கே பட்டது என்று முழுக்கதையும் கேட்டிருப்பேன். இப்போது போனை வைத்துவிட்டேன்.